ஸ்லைடு வேண்டாம், போனை எடுத்துட்டு வாங்க: ஆப் எழுதுபவர்களை ஒரு டீக்கடையில் கூட்டுவது எப்படி

கோயம்புத்தூரில் மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, மொபைல் ஆப் எழுதும் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. உங்கள் ஊரிலும் ஒன்று ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது உதவலாம்.

முதல் கூட்டத்தை நான்தான் கெடுத்தேன். நண்பரின் அலுவலக ஹால், புரொஜெக்டர், ஆண்ட்ராய்டு ஆப்பின் திரைகளை வடிவமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் என்ற கருவி பற்றி நாற்பது ஸ்லைடு. பதினெட்டு பேர் வந்து, கேட்டு, கைதட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் நாலே பேர். யூடியூபில் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கும்போது, இதற்காக யார் பஸ் ஏறி வருவார்கள்?

அந்த நாலு பேரோடு டீக்கடைக்குப் போனதுதான் நல்லதாகப் போயிற்று. அம்மாவுக்காக நான் எழுதிய மாத்திரை நினைவூட்டும் ஆப்பை எல்லோர் போனிலும் ஏற்றினேன். 5.10க்கு அலாரம் வைத்தோம். என் போனில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் வழக்கம்போல எல்லா ஆப்பையும் விரலால் தள்ளி மூடிவிட்டிருந்தார்; பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர் போன் அலாரத்தையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. மூன்றாவது ஆண்ட்ராய்டு 14. அதில் புதிதாக ஏற்றிய ஆப்புக்குத் துல்லியமாக அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிப் போனில், மாதக்கணக்கில் கண்ணில் படாத இரண்டு ஓட்டை, ஒரு டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் அழைப்பு இவ்வளவுதான்: “சனிக்கிழமை நாலு மணி. உங்க ஆப்புல ஓடாத ஒண்ணைக் கொண்டு வாங்க. போன், கேபிள் போதும்.”

கேபிள் என்றால் டேட்டா போகிற கேபிள். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிளை வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் போன் ஏன் தெரியவில்லை என்று அரைமணி நேரம் முழித்திருக்கிறோம். பில்டு (எழுதியதை ஓடும் ஆப்பாக மாற்றுவது) எல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த வேலையைச் செய்யும் கிரேடில் அங்கே வந்து லைப்ரரி இறக்க ஆரம்பித்தால் யாரோ ஒருவருடைய ஹாட்ஸ்பாட் காலி.

இடத்துக்கு ரொம்ப அலைய வேண்டாம். காந்திபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வர முடியுமா, சுவரில் பிளக் இருக்கிறதா, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பாரா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். முன்னாடியே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஆளுக்கு ஒரு டீ, ஒரு தேங்காய் பன்னாவது வாங்குங்கள். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தோம். காற்று அருமை, ஆனால் வெளிச்சத்தில் திரையே தெரியவில்லை.

நாள் குறிக்கும் முன் காலண்டரில் முகூர்த்தம் பாருங்கள். ஆவணியில் ஒருமுறை பார்க்காமல் வைத்தேன், பாதிப் பேர் கல்யாணப் பந்தியில் இருந்தார்கள். ஆறரைக்கு முடித்துவிடுங்கள். பொள்ளாச்சி, திருப்பூர் போக வேண்டியவர்கள் வாட்சைப் பார்க்காமல் பேசுவார்கள். பெண்களும் வரத் தயங்க மாட்டார்கள்.

வந்ததும் எல்லோரும் போனை மேசையில் வைத்துவிட வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு, புதுசு, விரிசல் விட்ட டேப்லட், எப்போதாவது ஒரு ஐபோன். ஆப் வெளியிட ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒரே தடவை 25 டாலர் என்பதால் எங்கள் மேசையில் ஆண்ட்ராய்டுதான் அதிகம். யாருடைய ஆப் என்றாலும் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘அந்தப் பட்டனை அழுத்துங்க அண்ணா’ என்று சொல்லவே கூடாது. இது ஒன்றுதான் எங்கள் சட்டம், இதைத்தான் அதிகம் பேர் மீறுகிறார்கள்.

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவி, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஒரே தடவையில் ஆப் எழுத உதவும் ஃபிளட்டரில் செய்த வருகைப் பதிவு ஆப்பைக் காட்டினாள். ஒவ்வொருவர் படத்துக்கும் பதில் வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்து வரும். ஆங்கிலத்தில் போட்டால் சரியாக வந்தது. எங்களில் ஒருவர் ‘கோபால்’ என்று தமிழில் அடித்தார், வட்டத்தில் ‘க’ வந்தது. ‘மீனா’வுக்கு ‘ம’. நமக்கு ‘கோ’ ஒரே எழுத்து. கணினிக்கு அது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு துண்டு. பெயரில் முதல் துண்டை மட்டும் வெட்டினால் கால் இல்லாமல்தான் வரும். ஃபிளட்டரின் மொழியான டார்ட்டில் இதற்கென்றே ‘கேரக்டர்ஸ்’ என்ற பேக்கேஜ் இருக்கிறது, முழு எழுத்தாக எடுத்துத் தரும். ஒரு வரி மாற்றினாள், ‘கோ’ வந்தது.

ஆட்களைத் திரும்ப வரவழைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், பிளே ஸ்டோரில் ஆப்பை வெளியிடும் முன் அதை மூடிய சோதனையில், அதாவது நாம் சேர்க்கும் ஆட்கள் மட்டும் ஏற்றிப் பார்க்கும் சோதனையில், விட வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து எழுதுகிற பையன் பன்னிரண்டு பேருக்கு எங்கே போவான்? சித்தப்பாவைச் சேர்ப்பான், அவர் மூன்றாம் நாள் ஆப்பை நீக்கிவிடுவார். நம் மேசையில் ஆள் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரிகளை அங்கேயே வாங்குங்கள். இணைப்பைத் திறந்து சோதனையாளராகச் சேர்ந்து, ஆப்பை ஏற்றுவது வரை கண்ணெதிரே முடியட்டும். வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்றால் நடக்காது. பன்னிரண்டோடு நிறுத்தாமல் பதினைந்து பேரைப் பிடியுங்கள், யாராவது கழன்றுகொள்வார்கள்.

காசு வசூலிக்காதீர்கள், அவரவர் டீக்கு அவரவர் ஜிபே. ஃபிளட்டரா, அதே வேலைக்கான ரியாக்ட் நேட்டிவா என்ற சண்டைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், தடுத்தாலும் வரும். ஆள் எடுக்க வருபவர்களுக்குக் கடைசியில் இரண்டு நிமிடம். ‘ஐடியா என்கிட்ட இருக்கு, நீங்க கோடு அடிச்சாப் போதும், பாதிப் பங்கு’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கும் டீ சொல்லுங்கள், நல்ல சோதனையாளராக இருப்பார்.

கிளம்பும் முன் அடுத்த தேதியை முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யார் வீட்டுக்குப் போகிறது என்று எழுதி வையுங்கள். எங்களுடையது இரண்டு முறை காணாமல் போனது. குழுவில் எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு, இரண்டு முறையும் என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது.