அறிஞர்களின் பழைய காகிதங்களை இணையத்தில் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைக் கொஞ்சம் கவனியுங்கள்

"பிழைத்திருப்பது வலிமையான உயிரும் இல்லை, புத்திசாலியான உயிரும் இல்லை, மாற்றத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும் உயிர்தான்" என்று தாடிவைத்த டார்வின் படத்தோடு ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை டார்வின் எங்கேயும் எழுதவில்லை. லியோன் மெகின்சன் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர், டார்வினைப் படித்துத் தான் புரிந்துகொண்டதை 1963இல் தன் வார்த்தைகளில் சொன்னார், அது கைமாறிக் கைமாறி டார்வின் சொன்னதாகவே ஆகிவிட்டது. இத்தனைக்கும் டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்களைக் கேம்பிரிட்ஜில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து தொகுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வசதி இருந்தும் நாம் மேற்கோள் தளங்களில்தான் போய் நிற்கிறோம். பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு அறிஞர்களைப் பற்றிய பலகைகள் எழுதிக் கொடுக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளைகள் ஒருமுறை பலகையில் படித்ததை அப்புறம் மாற்றவே முடியாது.

சரி, பழைய காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத்துக்கே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலானோர் தடுமாறுவது பெயரில்தான். யெல்லப்பிரகட சுப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். பீமவரத்தில் 1895இல் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போய், 1925இல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்டவர், பின்னாளில் லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவையும், யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கிற டி.இ.சி. மருந்தை உருவாக்கிய வேலையையும் வழிநடத்தியவர். அமெரிக்க ஆய்விதழ்களில் அவர் பெயர் 'சுப்பாரோ' என்று ஒரே சொல்லாக இருக்கும், இந்தியப் பதிவுகளில் 'சுப்பா ராவ்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், 'சுப்பா ரோ' என்றும் பார்க்கலாம். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இவரைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மெட்ராஸ் என்ற சொல்லோடு சேர்த்துத் தேடினால் அடையாறு பிரம்மஞான சபையோடு தொடர்புடைய இன்னொரு சுப்பா ராவ் வந்து நிற்பார், அவர் 1890இலேயே இறந்துவிட்டார். இரண்டு பேரின் வாழ்க்கையும் ஒரே கட்டுரையில் கலந்துவிடாமல் இருக்க, பிறந்த வருடத்தையும் ஊரையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் தேடுங்கள்.

பெயருக்குச் சொன்னதுதான் ஊருக்கும் பாடத்துக்கும். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தவர். அவர் காலத்து ஆங்கில அறிக்கைகளில் மானிப்பாய் 'மானெப்பி' என்றிருக்கும், வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா' என்றிருக்கும். அவருடைய வேதியியல் நூலைத் தேடுகிறவர் 'வேதியியல்' என்று தட்டினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் 1875இல் அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. உடற்கூற்றியல் என்று நாம் சொல்வது 'அங்காதிபாதம்', அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்'. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலோ தமிழ் மின்னூலகத்திலோ தேடும்போது அந்தக் காலத்துச் சொல் என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தட்டுங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தின் எழுத்தைக் கணினி தானாகப் படித்துக் கொடுப்பதையும் முழுசாக நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவோடு இருக்கும், றா, னா வேறு வடிவில் இருக்கும், கணினி அங்கேதான் தடுக்கும். தேடலில் வரவில்லை என்பதாலேயே அந்தச் சொல் நூலில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

தேதி விஷயத்தில் கெட்டிக்காரர்களே ஏமாந்துபோகிறார்கள். "கலிலியோ இறந்த அதே 1642இல் நியூட்டன் பிறந்தார்" என்று கேட்டிருப்பீர்கள், நானும் ஒரு பலகையில் எழுதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகுதான் விழித்துக்கொண்டேன். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 என்பது இத்தாலியில் இருந்த, இன்று நாமும் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 என்பது இங்கிலாந்தில் அப்போது இருந்த, அதைவிடப் பத்து நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. இரண்டையும் கிரிகோரியனில் போட்டால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனில் போட்டால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர். எப்படிப் போட்டாலும் ஒரே வருடம் வராது. அது போதாதென்று 1752 வரை இங்கிலாந்தில் வருடம் சட்டப்படி மார்ச் 25இல்தான் தொடங்கியது, அதனால் ஒளியும் நிறங்களும் பற்றி நியூட்டன் எழுதிய புகழ்பெற்ற பிப்ரவரி 6 கடிதம் அன்றைய கணக்கில் 1671, நம் கணக்கில் 1672. காப்பகத்தில் 1671/2 என்று சாய்கோடு போட்டிருந்தால் அதை அச்சுப்பிழை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் தேதி, கடிதத்தில் இல்லாததைத் தொகுப்பாளர் ஊகித்துப் போட்டது, அதையும் அப்படியே அடைப்புக்குறியோடு எழுதுங்கள்.

அடுத்தது படங்கள். ஆனந்திபாய் ஜோஷி புடவையிலும், ஜப்பானின் கெய் ஒகாமி கிமோனோவிலும், சிரியாவிலிருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி தம் நாட்டு உடையிலுமாக மூவரும் சேர்ந்திருக்கும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் எடுத்த புகைப்படம் எனக்கு மிகவும் பிடித்தது. "தத்தம் நாட்டின் முதல் பெண் மருத்துவர்கள்" என்ற வரியோடு அது பகிரப்படுகிறது. படத்தின் தேதி 1885 அக்டோபர் 10. ஜோஷி பட்டம் பெற்றது 1886இல், ஒகாமி 1889இல், இஸ்லாம்பூலி 1890இல். படத்தில் இருப்பவர்கள் மாணவிகள்! நாடு விட்டு நாடு வந்து, இன்னும் தேர்வு எழுதி முடிக்காத மூன்று இளம்பெண்கள் என்று தெரிந்து பார்க்கும்போது அந்தப் படம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நியூட்டன் காலத்து ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் ஓவியம் என்று கண்ணில் பட்டால் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர் முகம்தான் என்று உறுதியான சமகால ஓவியம் எதுவும் இல்லை, அவர்தான் என்று ஒரு வரலாற்றாசிரியர் வெளியிட்ட ஓவியம்கூடக் கடைசியில் வான் ஹெல்மோன்ட் என்ற வேறொருவருடையதாக முடிந்தது.

'முதல்' என்ற சொல்லைப் பார்த்தாலே நின்று சரிபார்க்க வேண்டும். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமி ரெட்டி என்று பலர் எழுதுகிறார்கள், அவர் சேர்ந்தது 1907இல். மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் 1875இலேயே அங்கே சேர்ந்துவிட்டார்கள். தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டமன்றத்தில் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய அம்மையாருக்கு இல்லாத பட்டம் எதற்கு?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் விஷயம். 1881இல் புய்யீ-லெ-ஃபோர் கிராமத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டுக் காட்டினார், ஊசி போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாதவை செத்தன. காற்றிலுள்ள ஆக்சிஜனால் கிருமியை வலுவிழக்கச் செய்யும் தன் முறையில் தயாரித்த ஊசிதான் அது என்று உலகம் நம்பும்படி விட்டார். ஆய்வுக் குறிப்பேடுகளை வெளியாருக்குக் காட்ட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார், பேரன் 1964இல் அவற்றைப் பிரான்ஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்த பிறகுதான் ஆய்வாளர்கள் பார்க்க முடிந்தது. அங்கே பயன்படுத்தியது, உதவியாளர் ஷாம்பெர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு தயாரித்த ஊசி என்று அந்தக் குறிப்பேடுகளில் இருக்கிறது. அச்சில் வந்த கட்டுரையை மட்டும் படித்து நிறுத்துவது ஒரு தவறு. குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு "பாஸ்டர் மோசடிக்காரர், தடுப்பூசியே பொய்" என்று கத்துவது அதைவிடப் பெரிய தவறு. ஊசி வேலை செய்தது, எந்த ஊசி என்பதை அவர் மறைத்தார், இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, ஒருவருடைய காகிதம் அவர் பெயரில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் எழுதிய கடிதம் வாங்கியவர் வீட்டில்தானே இருக்கும்? ராமானுஜனின் கடைசி வருடக் கணிதத் தாள்கள் ஜி.என். வாட்சன் என்ற ஆங்கிலக் கணித அறிஞரின் காகிதங்களோடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன, 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வாட்சனின் காகிதங்களைப் பார்க்கப் போன இடத்தில்தான் கண்ணில் பட்டன. டி.என்.ஏ.வின் '51ஆம் படம்' என்ற புகழ்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை 1952 மே மாதம் எடுத்தவர் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் இருந்த மாணவர் ரேமண்ட் காஸ்லிங், அவர் பெயரிலும் தேட வேண்டும்.

கடைசியாக, உரிமை. 'பழையது, அதனால் எல்லோருக்கும் பொது' என்பது சரியான கணக்கு இல்லை. பிரிட்டனில், பல நூற்றாண்டுக்கு முன் இறந்தவரின் கடிதமாக இருந்தாலும், அது 1989 ஆகஸ்ட் 1க்கு முன் அச்சில் வராமலே இருந்திருந்தால் 2039 முடிய உரிமை இருக்கலாம். பெரும்பாலும் ஆவணத்தோடு உரிமைக் குறிப்பும் இருக்கும், பதிவிறக்கும் முன் படித்துவிடுங்கள். அப்படியே அந்த ஆவணத்துக்குக் காப்பகம் கொடுத்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், லிங்க் என்றைக்காவது செத்துப்போகும், அந்த எண்ணைச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.