முடி நடுவதற்கு முன்னும் பின்னும் செய்யக்கூடாத தவறுகள்

முடி மாற்று அறுவை சிகிச்சையில் புது முடி எதுவும் உருவாவதில்லை. பிடரியில் இருக்கும் முடியை வேரோடு எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் நடுகிறார்கள், அவ்வளவுதான். பரம்பரை வழுக்கையில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால் நெற்றி, உச்சி வேர்கள் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். பிடரி வேர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்று 1950களில் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் செய்து காட்டினார். ஆனால் நாற்றங்காலில் எவ்வளவு நாற்று இருக்கிறதோ அவ்வளவுதான் வயலில் நட முடியும். இதை யோசிக்காமல் பணம் கட்டுவதுதான் பல தவறுகளுக்கும் வேர்.

முடி ஏன் கொட்டுகிறது என்று பார்க்காமலே நேராக கிளினிக்குக்குப் போவது ஒரு தவறு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் அது தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு என்றால் அதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். புழுவெட்டில் உடலின் எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்குகிறது. நட்ட முடியையும் அது விட்டுவைக்காமல் போகலாம். அதனால் முதலில் தோல் மருத்துவர், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை.

அடுத்தது வயது. இருபத்திரண்டு வயதுப் பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன் நெற்றியைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கிளம்புகிறான். கையில் கல்லூரிச் சேர்க்கையின்போது எடுத்த போட்டோ. அதே மாதிரி தாழ்வாக, நேர்கோடாக முன்வரிசை வேண்டும் என்கிறான். நட்டும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவனுடைய வழுக்கை இன்னும் முடியவில்லை. முப்பத்தைந்து வயதில் நட்ட முன்வரிசை மட்டும் அடர்த்தியாக நிற்க, அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்து உச்சி வெளிச்சமாகிவிடும். அதை மூடப் பிடரியில் மிச்சம் இருக்காது. எனக்கு இதுதான் இருப்பதிலேயே வருத்தமான தவறு, ஏனென்றால் திருத்துவது மிகக் கடினம். வழுக்கை எந்தப் போக்கில் போகிறது என்று தெரியும்வரை, குறைந்தது 25 வயது தாண்டும்வரை, மருந்தோடு காத்திருக்கச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

இயற்கையான முன்வரிசை நேர்கோடாக இருக்காது. வேரோடு எடுத்து நடும் ஒவ்வொரு சிறு கொத்தும் ஒரு கிராஃப்ட். முன்னால் ஒற்றை முடி கிராஃப்ட், பின்னால் இரண்டு மூன்று முடி உள்ளவை என்று கலந்து, கொஞ்சம் மேடுபள்ளமாக நட்டால்தான் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கிராஃப்ட் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். ஒரு இடத்தில் 2,000 கிராஃப்ட், இன்னொரு இடத்தில் 4,000 முடி என்றால் இரண்டாவது பெரிது என்று தோன்றும். ஒரு கிராஃப்டுக்குச் சராசரியாக இரண்டு முடி என்று வைத்தால், உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். “ஒரே நாளில் 5,000 கிராஃப்ட்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். பிடரியை அளவுக்கு மீறித் தோண்டினால் அங்கே திட்டுத்திட்டாகத் தலை தெரியும்.

செய்வது யார் என்று கேட்காமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். அந்த மருந்தும் அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே அறிவுறுத்தியது. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன, துளை போடப்போவது அவரா இல்லை டெக்னீஷியனா, அவசரம் என்றால் ஆக்சிஜனும் ஆளும் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், சரி, வேறு இடம் பார்க்கலாம். நீங்களும் உங்கள் பக்கம் மறைக்கக்கூடாது: ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, சர்க்கரை, சிகரெட் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நட்டாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துவதும் தவறு. நட்ட முடி நிற்கும். நடாத பழைய முடி தொடர்ந்து உதிரும். அதைத் தடுக்கத்தான் மினாக்சிடில், ஆண்களுக்கு ஃபினாஸ்டிரைடு என்ற மருந்துகள். ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும், சிலருக்கு மனச்சோர்வு வரலாம். கடையில் நீங்களாக வாங்காமல் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

அப்புறம் பயம். சில வாரத்தில் நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பணம் போச்சு என்று பதறி எண்ணெய், லேகியம் என்று தேய்க்க வேண்டாம். வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். வேர் உண்மையிலேயே பிடுங்கிக்கொள்ளும் ஆபத்து முதல் பத்து நாளில்தான். பொருக்கைச் சொறியாதீர்கள். பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் ஹெல்மெட் உரசாமல் இருக்க, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பஸ்ஸில் போய்வருவது நல்லது.