விலை உயர்ந்த இயர்பட்ஸ்: வாங்குவதும் வைத்துப் பேணுவதும், படிப்படியாக

ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ, சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம் வரிசை, போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா, சாம்சங் கேலக்ஸி பட்ஸ் ப்ரோ வரிசை போன்றவை நம் சந்தையில் 20,000 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ விற்கின்றன. 2,000 ரூபாய்க்கே பாட்டுக் கேட்க முடியும்போது இவ்வளவு செலவழிப்பதில் என்ன நியாயம் என்று முதன்முறை வாங்குபவர் தயங்குவது இயல்பு. என் கணிப்பில், அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி சுற்றுப்புற இரைச்சலை அடக்கும் திறனுக்காகவே போகிறது. அந்தத் திறனோ, இயர்பட்டின் முனையில் உள்ள டிப் காதுத் துளையை எவ்வளவு நன்றாக அடைக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே எதை வாங்குவது என்பதை உங்கள் ஃபோனும் உங்கள் காதும் முடிவு செய்யட்டும். பெட்டியில் அச்சிட்டுள்ள எண்களுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

முதல் படி: ஃபோனைப் பாருங்கள்

ப்ளூடூத் வழியாக ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையைக் கோடெக் என்கிறார்கள். எஸ்பிசி என்ற அடிப்படைக் கோடெக் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் உண்டு. சோனி உருவாக்கிய எல்டிஏசி, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பக்கூடியது. ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஃபோன்களில் இடம்பெற்று வருகிறது. ஐபோனில் அது இல்லை என்பதால், எல்டிஏசிக்காகவே சோனியைத் தேடும் ஐபோன்காரருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. சாம்சங்கின் 24-பிட் கோடெக்கும் அவ்வாறே சாம்சங் ஃபோனோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஏர்பாட்ஸை ஆண்ட்ராய்டு ஃபோனோடு இணைத்தால் பாட்டும் அழைப்பும் கிடைக்கும்; டிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை போன்றவை கிடைக்காது, ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளின் புதுப்பிப்புக்கும் ஓர் ஆப்பிள் கருவியின் துணை தேவைப்படும்.

கோடெக் பற்றி இணையத்தில் நடக்கும் வாதங்களுக்குத் தொடக்க நிலையில் இருப்பவர் அதிகம் காது கொடுக்க வேண்டியதில்லை. நெரிசலான ரயில் நிலையத்தில் எல்டிஏசி, இணைப்பு அறுந்துவிடாமல் இருக்கத் தானாகவே 330 கிலோபிட் வரை இறங்கிவிடும்; அதைப் பயன்படுத்தும்போது பேட்டரியும் விரைவாகத் தீரும்.

இரண்டாம் படி: டிப் பொருந்துகிறதா என்று சோதியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரைச்சல் நீக்கம் வேலை செய்யும் விதம் எளிது: இயர்பட்டின் மைக்குகள் சுற்றுப்புற ஒலியைப் பிடிக்கின்றன, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உள்ள ஸ்பீக்கர் எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு தணித்துவிடுகின்றன. விமானத்தின் உறுமல், ஏசியின் முனகல், பேருந்து எஞ்சினின் அதிர்வு போல் தாழ்ந்த சுருதியில் மாறாமல் ஒலிப்பவற்றில் இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். திடீரென்று எழும் ஹார்ன், பாத்திரம் விழும் ஓசை, பக்கத்து இருக்கைப் பேச்சு ஆகியவற்றை அவ்வளவாகத் தணிக்காது. அவற்றை டிப்தான் தடுத்தாக வேண்டும். டிப்புக்கும் காதுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் வெளி ஓசை நுழைந்துவிடும், பாட்டின் பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலியும் கசிந்துவிடும்.

பெட்டியில் பல அளவு டிப்கள் இருக்கும். சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5 உடன் நான்கு அளவுகளும், 2025இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ 3 உடன் ஐந்து அளவுகளும் வருகின்றன. ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர டிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது வியப்பில்லை.

மாட்டும் முறை இது. வலது காதில் மாட்டும்போது, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதின் மேல்மடலைச் சற்று மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். காதுத் துளை அப்போது நேராகும். இயர்பட்டை உள்ளே வைத்து மெல்லப் பின்பக்கம் திருப்பி, பிறகு காதை விடுங்கள். டிப் ஃபோமால் ஆனது என்றால், அதை விரல்களால் நசுக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும்.

இப்போது வீட்டு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாட்டு எதுவும் இல்லாமல் இரைச்சல் நீக்கத்தை மட்டும் இயக்குங்கள். இயர்பட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்தும்போது விசிறியின் ஓசை மேலும் குறைகிறது என்றால் டிப் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். ஒரு பெரிய அளவுக்கு மாறுங்கள். அழுத்தினாலும் வேறுபாடு தெரியாதபோது எதையாவது மென்று பாருங்கள், தாடையின் அசைவில் டிப் நழுவக் கூடாது. நிறுவனத்தின் ஆப்பிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கும். ஆனால் அது அடைப்பை மட்டுமே அளக்கிறது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு காது வலிக்குமா என்பதை அதனால் சொல்ல முடியாது. சுகாதாரம் கருதிக் கடைகளில் போட்டுப் பார்க்க விடாமல் போகலாம் என்பதால், திருப்பித் தரும் விதிமுறையைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பெட்டியில் உள்ள எண்களைப் படியுங்கள்

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் வியர்வையையும் தாங்கும் என்று பொருள். நீச்சலுக்கு அது போதாது. அதே தகுதி சார்ஜ் கேஸுக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள், கேஸுக்குத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பேட்டரி நேரத்தை இரைச்சல் நீக்கம் இயங்கும் நிலையில் பார்க்க வேண்டும். எக்ஸ்எம்5 அந்த நிலையில் 8 மணி நேரமும், ஏர்பாட்ஸ் ப்ரோ 2 அதே நிலையில் 6 மணி நேரமும் ஓடும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஃபோனையும் லேப்டாப்பையும் ஒரே நேரத்தில் இணைத்துக்கொள்ளும் மல்டிபாயின்ட் வசதி, அலுவலக வேலைக்கு அவசியம் என்பேன்.

எண்களில் இல்லாத ஒன்றையும் விசாரியுங்கள்: ஒரு பக்க இயர்பட் தொலைந்தால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா, என்ன விலை? ஒற்றை இயர்பட் தொலைவது அரிதான விபத்து அன்று.

நான்காம் படி: முதல் நாள் அமைப்புகள்

இணைத்தவுடன் ஆப்பை நிறுவி ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். தொலைந்தால் தேடும் வசதி இருந்தால் அன்றே இயக்கிவிடுங்கள். தொடுகைக் கட்டளைகளில் உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் தலைமுடியை ஒதுக்கும்போதெல்லாம் பாட்டு நின்றுபோகும்.

லேப்டாப்பில் வீடியோ அழைப்பு தொடங்கியதும் ஒலி பழைய தொலைபேசிபோல் மாறினால், இயர்பட்ஸில் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். இயர்பட்ஸின் மைக்கையும் லேப்டாப் பயன்படுத்தத் தொடங்கும்போது, ப்ளூடூத் இருவழிப் பேச்சுக்கான தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகிறது. அழைப்பு அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒலி பழைய தரத்துக்குத் திரும்பிவிடும்.

ஐந்தாம் படி: ஒலியளவுக்கு ஒரு வரம்பு

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் மிஞ்சும். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் ஒலியளவுக்கு வரம்பு வைக்கும் அமைப்பு உண்டு. பேருந்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கத்தை இரைச்சல் நீக்கம் தேவையற்றதாக்குகிறது. விலை உயர்ந்த இயர்பட்ஸை நான் பரிந்துரைக்க இதுவே முதல் காரணம். சாலையில் நடக்கும்போது வெளி ஓசையை உள்ளே விடும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம் ஓட்டும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: வாரம் ஒருமுறை சுத்தம், எப்போதும் வெப்பத்திலிருந்து காப்பு

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்துவிட்டது என்ற புகாருக்குப் பெரும்பாலும் குறும்பியே காரணம். டிப்பைக் கழற்றி இயர்பட்டின் முனையை வெளிச்சத்தில் பார்த்தால், மெல்லிய வலையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் அது படிந்திருப்பது தெரியும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் தூள் உள்ளேயே விழும். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். சிலிக்கோன் டிப்பைத் தண்ணீரில் அலசி முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபோம் டிப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், அது தளர்ந்ததும் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். குளித்த ஈரம் காயாத காதில் இயர்பட்ஸை மாட்டக் கூடாது. உடற்பயிற்சிக்குப் பிறகு வியர்வையோடு கேஸில் போட்டு மூடினால் சார்ஜ் முனைகள் கறுத்து அரிக்கத் தொடங்கும். துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாறு கிராம் எடையுள்ள இயர்பட்டுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி மிகச் சிறியது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கேஸை விட்டுச் செல்வது அதன் ஆயுளைக் குறைக்கும் நிச்சயமான வழி. ஆப்பில் பேட்டரி பாதுகாப்புக்கான சார்ஜ் அமைப்பு இருந்தால் இயக்கிவிடுங்கள். எவ்வளவு பேணினாலும், நாள்தோறும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓடும் நேரம் குறைவது தெரியவரும். 2024இல் ஃபேர்ஃபோன் நிறுவனம் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஃபேர்பட்ஸை ஐரோப்பாவில் வெளியிட்டது. மேலே சொன்ன முன்னணி மாதிரிகளில் அந்த வசதி இல்லை. ஆகவே பேட்டரி மாற்றும் கட்டணத்தைச் சேவை மையத்தில் கேட்டு, புதியதன் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். கைவிடுவதாக இருந்தால் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்.