வரைந்த படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது எப்படி

எங்கள் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் ஒரு படம் முடிந்ததும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முதல் இரண்டு தடவை, "வண்ணங்கள் நன்றாக வந்திருக்கின்றன, இன்னும் கவனம் தேவை" என்ற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றாவது படம் பாட்டியின் குத்துவிளக்கு. அதை வரைந்த பிறகுதான் எழுதும் வழி பிடிபட்டது.

படம் காய்ந்த கையோடு எழுத உட்காராதீர்கள். நீர்வண்ணம் காயும்போது வெளுக்கும். ஈரத்தில் மயக்கிய நிறம் மறுநாள் இருக்காது. நான் நான்கு நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்புறம் எடுத்து நிலைக்கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். லியோனார்டோ டா வின்சி ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே தன் குறிப்புகளில் எழுதிவைத்த வழி இது. இடம் வலம் மாறியதும் வேறு யாரோ வரைந்த படம் போலத் தெரியும், தப்பு சட்டென்று கண்ணில் படும். விளக்கின் தண்டு சாய்ந்திருந்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அது நாச்சியார்கோவில் விளக்கு. தனித்தனியாக வார்த்து, மரை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பொருத்தியது. எல்லாப் பாகமும் ஒரே நேர்கோட்டில்தான் நிற்கும். நான் நடுக்கோடு போடாமலே ஆரம்பித்திருந்தேன்.

அடுத்து, வரைந்த பொருளைப் படத்தின் பக்கத்தில் வையுங்கள். வரையும்போது எங்கே உட்கார்ந்தீர்களோ, அங்கேயே உட்காருங்கள். இதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். நான் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். எண்ணெய்த் தட்டு கிட்டத்தட்ட என் கண் மட்டத்தில் இருந்ததால் ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரிந்தது. கீழே இருந்த அடித்தட்டோ நன்றாக விரிந்து தெரிந்தது. படத்தில் இரண்டையும் ஒரே மாதிரி நீள்வட்டமாகப் போட்டிருந்தேன். போதாததற்கு அடித்தட்டின் கீழ் விளிம்பு நேர்கோடு! தட்டு வட்டம், தரை சமம் என்று மனசுக்குத் தெரியும். கண் பார்த்ததை விட்டுவிட்டு, மனசுக்குத் தெரிந்ததைக் கை வரைந்துவிட்டது.

நிறத்திலும் இதே கதைதான். பித்தளை என்றால் மஞ்சள் என்று கிட்டத்தட்ட முழுக்கப் பூசிவிட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தண்டின் ஓரங்கள் கறுப்புக்குக் கிட்டத்தில் இருந்தன. அடிப்பாகத்தில் எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரை தெரிந்தது. மஞ்சள் என்று சொல்லக்கூடிய இடம் பாதிகூட இல்லை.

ஆகவே "அடித்தட்டு சரியில்லை" என்று எழுதி நிறுத்தாதீர்கள். என்ன பார்த்தீர்கள், என்ன வரைந்தீர்கள், ஏன் மாறியது என்று மூன்றையும் எழுதுங்கள். என் பக்கத்தில் பாதி இந்த ஒரு தட்டைப் பற்றித்தான். பத்துக் குறையை ஒவ்வொரு வரியில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வெளிச்சம், இருட்டு சரியா என்று பார்க்க, படத்தைச் செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதும். என் விளக்கும் பின்சுவரும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டன.

நன்றாக வந்ததையும் இதே கறாரோடு எழுதுங்கள். தண்டின் நடுவில் வண்ணமே தொடாமல் விட்ட வெள்ளைத் தாள்தான் அந்த விளக்கின் மினுமினுப்பு. அது தற்செயல் இல்லை, முதலிலேயே முடிவு செய்து விட்ட இடம். அதனால் அப்படியே எழுதினேன்.

கடைசியாக, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "முதல்ல கண்ணு எங்க போச்சு?" என்று கேளுங்கள். அம்மா விளக்கைக் காட்டவில்லை. படத்தில் இருந்த சுவரில் பூத்திருந்த ஒரு கறையைத் தொட்டு, "புகை படிஞ்ச மாதிரியே இருக்குடி, நம்ம பூஜை ரூம் சுவர்தான்" என்றாள். அது தவறிப்போய் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த இடம். "எதிர்பாராமல் வந்தது, ஆனால் படத்துக்கு வேண்டியது" என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் துண்டுத் தாள்களில் அதையே வேண்டுமென்று வரவழைத்துப் பார்த்தேன். பூசிய வண்ணத்தின் ஈரப் பளபளப்பு மங்கும் நேரத்தில், தூரிகையில் தண்ணீர் கூடுதலாக எடுத்துத் தொட்டால் அந்தக் கறை பூ மாதிரி விரிகிறது. அந்தத் துண்டுகளில் நன்றாக வந்த ஒன்றைப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன்.