பழைய கேம்பர் வேனில் ஏசி: கூரையை வெட்டும் முன் செய்ய வேண்டியவை

1960, 70களின் கேம்பர் வேன்கள் (உள்ளேயே தங்கித் தூங்க வசதி உள்ள வேன்கள்) ஏசியை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒற்றைத் தகரம், சுற்றிலும் கண்ணாடி, விளக்குக்கும் வைப்பருக்கும் சரியாகப் போகும் டைனமோ, அவ்வளவுதான். அதனால் ஏசியை மாட்டுவது கடைசி வேலை. வெயிலைத் தடுப்பதும் மின்சாரத்தைச் சேர்ப்பதும்தான் முதல் வேலை. இந்த வரிசை மாறினால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், வேன் குளிராது.

எந்த ஏசி?

எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஓட்டும்போது மட்டுமே குளிர் தரும். 50 குதிரைத்திறன் எஞ்சினில் அதற்கே நாலைந்து போய்விடும். மேட்டில் வண்டி திணறும். வெளி மின் இணைப்பில் ஓடும் 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) கூரை ஏசி நன்றாகக் குளிரும், ஆனால் பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றை அது வெளியே தள்ள, அந்த அளவு வெப்பக் காற்று கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும்.

நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டும் என்றால் 12 வோல்ட் கூரை ஏசிதான் பொருத்தம். கேஸ் நிரப்பி மூடப்பட்டே வருவதால் குழாய் வேலை இல்லை. வண்டி இன்னும் 6 வோல்ட்டில் ஓடினால் முதலில் 12க்கு மாற்றுங்கள். தூக்கித் திறக்கும் கூரை உள்ள வேனில், அந்தத் தூக்கும் பகுதியின் மேல் ஏசியை வைக்கக் கூடாது. கூடுதல் 25, 30 கிலோவை அதன் கீல்கள் தாங்காது. அசையாத பகுதியில் இடம் இல்லையென்றால் கண்டன்ஸர் (சூட்டை வெளியே விடும் பகுதி) தரைக்கு அடியில் போகும் ஸ்ப்ளிட் வகையைப் பாருங்கள். அதில் கேஸ் நிரப்பும் முன் 500 மைக்ரான் வரை (குழாயில் காற்றே கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு) வேக்கம் இழுத்து, அரை மணி நேரம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அதை ஏசி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

வெயில்

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி வெயிலைப் பார்த்து நின்றால், சிறிய 12 வோல்ட் ஏசியின் மொத்தக் குளிர்ச்சியும் அதற்கே போய்விடும். ஆகவே கண்ணாடிக்கு வெளியே மாட்டும் பளபளப்பு மறைப்பு தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டினால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பாதி உள்ளேயே தங்கும். கூரைக்கும் பக்கவாட்டுக்கும் 20 மி.மீ. மூடிய துளை நுரை (ஈரம் உறிஞ்சாத ஃபோம் தாள்) ஒட்டலாம். ஒட்டும் முன் துருவைச் சுரண்டி ப்ரைமர் அடித்துவிடுங்கள், பிறகு அந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

பேட்டரியும் வயரும்

12.8 வோல்ட், 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட்-ஹவர் இருக்கிறது. அதில் 2,300 பயன்படுத்தலாம். இரவில் சராசரி 400 வாட் இழுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம் ஓடும். முழு இரவும் வேண்டும் என்றால் இரண்டு பேட்டரி.

இந்தப் பேட்டரியை வண்டியின் பழைய டைனமோவிலோ, சில வண்டிகளில் அதற்குப் பதில் இருக்கும் ஆல்டர்னேட்டரிலோ நேராக இணைக்காதீர்கள். கிடைப்பதையெல்லாம் பேட்டரி உறிஞ்சும், டைனமோவோ ஆல்டர்னேட்டரோ சூடேறிக் கருகும். நடுவில் 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (20 ஆம்புக்கு மேல் இழுக்க விடாமல் பேட்டரியை ஏற்றும் கருவி) போடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சுமார் 250 வாட்-ஹவர் ஏறும். மீதியை வெளி மின் இணைப்பு சார்ஜரோ சோலாரோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயரில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஏசி 60 ஆம்ப் இழுக்கிறது, போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று வையுங்கள். 10 சதுர மி.மீ. செம்பு வயரில் 0.63 வோல்ட் விழும், 25 சதுர மி.மீ.யில் 0.25தான். மெல்லிய வயர் போட்டால் கம்ப்ரஸர் எழும் நொடியில் வோல்ட்டேஜ் இறங்கி, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஏசி நின்றுவிடும். ஏசி கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றும் முன், கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனையிலும் ஏசி முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 0.4க்கு மேல் போனால் குற்றம் வயரிலோ லக்கிலோ (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) இருக்கிறது. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் (எண்ணெய் அழுத்தத்தில் நசுக்கும் கருவி) அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் கையால் இழுத்தால் கழன்று வரும். பியூஸ் பேட்டரியிலிருந்து 20 செ.மீ.க்குள், ஏசியின் கையேடு சொல்லும் அளவில். எர்த்துக்கும் தனி வயர் ஓட்டுங்கள். துருப்பிடித்த பாடி இணைப்புகளை நம்ப முடியாது.

கூரையை வெட்டுதல்

பெரும்பாலான கூரை ஏசிகளுக்கு 14 அங்குலச் சதுரத் திறப்பு. பேட்டரியைக் கழற்றி, உள் சீலிங்கை இறக்கி, வயர் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே குறியுங்கள். கூரையின் குறுக்குச் சட்டத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் திறப்பை வைத்து, சுற்றிலும் அலுமினிய ஆங்கிளில் ஒரு சட்டகம் கட்டி இரு பக்கச் சட்டத்தோடும் இணையுங்கள். எடை அங்கே இறங்க வேண்டும், தகரத்தில் அல்ல.

நான்கு மூலையிலும் 12 மி.மீ. துளை போட்டுவிட்டு நுண்பல் பிளேடால் வெட்டுங்கள். கூர்மையான மூலை அதிர்வில் விரிசல் விடும். தெறிக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் ஒட்டினால் ஒரு மழையிலேயே செம்புள்ளிகள் வந்துவிடும். துணி விரித்து, முடித்ததும் உறிஞ்சி எடுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, எபாக்ஸி ப்ரைமர் இரண்டு பூச்சு.

பழைய கூரை வளைந்திருக்கும், ஏசியின் அடி தட்டையாக இருக்கும். நேர்கோலை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் ஃபைபரில் ஒரு பீடம் செய்து சமன்படுத்த வேண்டும். போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள 25 மி.மீ. நுரை கேஸ்கட் நான்கு பக்கமும் 12, 13க்கு வந்ததும் நிறுத்துங்கள். ஸ்கேலை வைத்து அளந்தே இறுக்க வேண்டும், கைக்கணக்கு இங்கே உதவாது. இன்னும் ஒரு சுற்று போனால் தகரம் கிண்ணம்போலக் குழியும். ஏசி விடும் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி, கேஸ்கட்டைச் சுற்றி உள்ளே வழியும். சிலிக்கான் பூசாதீர்கள். அது ஒட்டிய இடத்தில் பிறகு பெயிண்டும் நிற்காது, வேறு சீலண்டும் பிடிக்காது. ப்யூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) போதும்.

ஓட்டிப் பார்த்தல்

உள்ளே குளிர்ந்த காற்று வரும் வழியையும் திரும்பிப் போகும் வழியையும் பிரிக்கும் தடுப்பை ஃபாயில் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். சின்ன இடுக்கு இருந்தால்கூட வந்த குளிரே திரும்பி உறிஞ்சப்படும். எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கும் சுருள்) பனி கட்டும், வேனின் உள்ளே சூடு அப்படியே இருக்கும். அரை மணி ஓட்டியபின் இரு வழியிலும் தெர்மாமீட்டர் வையுங்கள். 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் வந்தால் சரி. பிறகு ஹோஸால் கூரைமேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே கேஸ்கட் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கக் கூடாது. பழைய வேனின் தரையில் எங்காவது ஓட்டை இருக்கும், அதன் வழியே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. படுக்கைத் தலைமாட்டில் அதற்கான அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள்.