சின்ன கேம்பிங் டிரெய்லர்: வாங்குவதில் இருந்து ஓரங்கட்டி வைப்பது வரை

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சிறிய கேம்பிங் டிரெய்லரில் இருப்பது ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பேட்டரி, இரண்டு சக்கரம். புதிதாக வாங்குகிறவர்கள் சோலார் பேனல், வெளிக்கூடாரம், விளக்குச் சரம் என்று தொடங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாலையில் டிரெய்லரைக் கவிழ்ப்பது தப்பாக ஏற்றிய எடை. நின்ற இடத்திலேயே அதை அழுக வைப்பது மழைத்தண்ணீர். மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இந்த இரண்டில் முடியாது. அதனால் கீழே எடைக்கும் ஈரத்துக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: வாங்கும் முன் எடைக் கணக்கு

ஒவ்வொரு டிரெய்லரிலும் தயாரிப்பாளர் பொருத்திய தகடு ஒன்று இருக்கும். அதில் அதிகபட்ச மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். டிரெய்லரும் அதற்குள் இருக்கிற எல்லாமும் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உதாரணமாக வெறும் எடை 600 கிலோ, தகட்டில் 750 கிலோ என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 150 கிலோ. 60 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 60 கிலோ அதிலேயே போய்விடும். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, மடக்கு நாற்காலி எல்லாம் மிச்சமுள்ள 90 கிலோவுக்குள் அடங்க வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் 90 கிலோ எவ்வளவு குறைவு என்று தெரியும்.

அடுத்தது கார். அதன் கையேட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: எவ்வளவு எடையை இழுக்கலாம், டிரெய்லரை மாட்டும் கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் அழுத்தலாம். கொக்கியின் மேல் உட்காரும் பாரம் காருக்குள் உட்காரும் ஆளைப் போலவே காரின் சுமைக் கணக்கிலும் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இழுவை வரம்பில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மலைப்பாதையிலும் எதிர்க்காற்றிலும் அந்த மிச்சம் கைகொடுக்கும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டுமா, ஓட்டுநர் உரிமம் போதுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, பிரேக் உள்ளதையே நான் எடுப்பேன்.

முதல் டிரெய்லர் எப்படி இருக்கலாம் என்று கேட்டால், 1930-களில் இருந்து வழக்கத்தில் உள்ள கண்ணீர்த்துளி வடிவம்தான் என் தேர்வு. உள்ளே படுக்கை மட்டும், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. கழிவறை கிடையாது என்பது குறைபோலத் தெரியும். கழிவுத் தொட்டியைக் காலி செய்கிற வேலையும் கிடையாது.

படி 2: பழையது என்றால் ஈரத்தைத் தேடுங்கள்

பழைய டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாடையை மறைப்பது கடினம். வாசனை ஸ்பிரே தூக்கலாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பிறகு ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், காற்றுப் போக்கியின் சுற்றுப்புறம், படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகள் என ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறது. தரையில் கதவோரமாகக் கனமாக மிதித்துப் பாருங்கள். வெளிப்புற ஃபைபர் தகட்டில் கொப்புளம் போல மேடு இருந்தால் தண்ணீர் உள்ளே போய் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஈரப்பதம் அளக்கும் இரண்டு முள் மீட்டர் கிடைத்தால் நல்லது. நடுச்சுவரில் ஒரு அளவு, மூலையில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் விலை குறைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். பேரிங், டயர், பேட்டரி எல்லாம் மாற்றக்கூடியவை. உளுத்த சட்டத்தை மாற்றுவது டிரெய்லரைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குச் சமம்.

படி 3: பாரம் ஏற்றுவது

மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரிலும் இதே கதைதான். ஆனால் இங்கே கொக்கி பிடித்து வைத்திருப்பதால் தூக்குவது கண்ணுக்குத் தெரியாது. வேகம் கூடும்போது பின்பக்கம் இடவலமாக ஆடத் தொடங்கும், அப்போதுதான் தெரியும்.

அதனால் கொஞ்சம் முன்பாரம் வேண்டும். வட அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பார்கள். 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 முதல் 105 கிலோ. ஐரோப்பாவில் பொதுவாக 5 முதல் 7 சதவீதம் சொல்கிறார்கள். அங்குள்ள கார்களின் கொக்கி வரம்பும் அதற்கேற்பக் குறைவு. எந்தக் கணக்கை எடுத்தாலும் காரின் கையேட்டிலும் கொக்கியிலும் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது.

அளப்பது எளிது. பயணத்துக்குக் கிளம்புவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, சமதளத்தில் டிரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தை டிரெய்லரின் முன் கொக்கிக்குக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். டிரெய்லர் காரில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில் கொக்கி அந்தக் கட்டையின் மேல் உட்காரும்படி ஜாக்கியை இறக்குங்கள். இயந்திரம் காட்டுவதுதான் முன்பாரம். இயந்திரத்தின் வரம்பு என்ன என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எடைக்கு எடைமேடைக்குத்தான் போக வேண்டும்.

கனமானவை அச்சுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ, தரையோடு தாழ்வாக இருக்கட்டும். மேல் அலமாரிகளில் துணியும் ரொட்டிப் பாக்கெட்டும் போதும். பின்பக்கத்தில் சைக்கிள் மாட்டுவது பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் முன்பாரத்தைச் சட்டென்று குறைத்துவிடும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அது நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

படி 4: காரோடு இணைப்பது

ஹிட்ச் பந்தின் (காரின் கொக்கியில் உள்ள இரும்புக் குண்டு) அளவும் டிரெய்லர் கப்ளரின் (அந்தக் குண்டைக் கவ்விப் பிடிக்கும் முன்முனை) அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். வட அமெரிக்காவில் 1⅞, 2, 2⁵⁄₁₆ அங்குலம் என மூன்று அளவுகள் பரவலாக உண்டு. கப்ளரிலேயே அளவு பொறித்திருக்கும். சின்னப் பந்தின் மேல் பெரிய கப்ளரும் உட்கார்ந்துவிடும். குழியில் துள்ளும்போது கழன்றுவிடும்.

வரிசை இப்படி:

1. கப்ளரைப் பந்தின் மேல் இறக்கி, பூட்டி, ஊசியைப் போடுங்கள்.
2. ஜாக்கியைத் திரும்ப உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. இதைத் தவிர்க்கவே கூடாது.
3. பாதுகாப்புச் சங்கிலிகள் இருந்தால் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் முன்சட்டம் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.
4. பிரேக் உள்ள டிரெய்லரில், அது கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் அவசர பிரேக் கேபிள் இருக்கும். அதற்கென்று காரில் உள்ள இடத்தில் மாட்டுங்கள், சங்கிலியில் மாட்டாதீர்கள்.
5. மின் பிளக்கைச் செருகி, ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் பாருங்கள்.
6. ஜாக்கியை முழுவதும் மேலே ஏற்றி, கடைசியாகச் சக்கரக் கட்டைகளை எடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். கூரை ஜன்னல் மூடியிருக்கிறதா, படிக்கட்டு மடங்கியிருக்கிறதா, சிலிண்டர் வால்வை மூடியாயிற்றா. யாராவது பேச்சுக் கொடுத்து வேலை நடுவில் நின்றால் முதலில் இருந்து தொடங்குங்கள்.

படி 5: ஓட்டுவது, பின்னால் எடுப்பது

திருப்பத்தில் டிரெய்லர் காரைவிட உள்ளே வெட்டி வரும், அதனால் சற்று அகலமாகத் திரும்புங்கள். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், முன்வண்டிக்கு இடைவெளி விடுங்கள். பெரிய லாரி முந்தும்போது ஒரு இழுப்பு இருக்கும், பயப்பட வேண்டாம்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். காரின் பிரேக்கை அழுத்தவோ எதிர்ப்பக்கம் வளைக்கவோ வேண்டாம், ஆட்டம் கூடும். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கருவி இருந்தால் அதை மெதுவாக அழுத்தலாம். வேகம் குறைந்ததும் ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றி அடுக்கியபின் போங்கள். ‘இனி மெதுவாகப் போய்க்கொள்ளலாம்’ என்று அப்படியே தொடராதீர்கள்.

பின்னால் எடுக்கும்போது சின்ன டிரெய்லர்தான் தொல்லை. நீளமானது நிதானமாகத் திரும்பும்; குட்டையானது சட்டென்று மடங்கிக் காரோடு இடிக்கும். காலியான மைதானத்தில் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டும் என்றால் கையை இடதுபுறம் நகர்த்துங்கள், வலது என்றால் வலது. கொஞ்சமாகத் திருப்பி உடனே நேராக்குங்கள். கோணம் கூடிவிட்டால் காப்பாற்றப் பார்க்காமல் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள்.

படி 6: இடத்தில் நிறுத்துவது

ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து, காரோடு இணைந்திருக்கும்போதே அதன் மேல் ஏற்றுங்கள். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். அதற்கு அப்புறம்தான் காரைக் கழற்ற வேண்டும். நெடுக்கு மட்டத்தை முன் ஜாக்கியால் சரிசெய்யலாம். மூலைக் கால்கள் ஆட்டத்தைத் தடுக்க மட்டுமே, வண்டியைத் தூக்க அல்ல. தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

மட்டம் தூக்கத்துக்காக மட்டுமல்ல. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் வழிந்து சுற்றுகிறது. சாய்வு அதிகமானால் சுழற்சி நின்றுவிடும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை குறைவு.

படி 7: பேட்டரி, கேஸ், குடிநீர்

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியைச் சற்று ஓய்வில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் முழு சார்ஜில் 12.7 வோல்ட் அளவும், பாதியில் 12.1 அளவும் காட்டும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியை 50 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இன்னும் ஆழமாக எடுக்கலாம், எடையும் குறைவு. ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தாழ்வாகப் பொருத்துவார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும். குளிருக்காகச் சமையல் அடுப்பை உள்ளே எரிய விடவே கூடாது.

குடிநீர்த் தொட்டியைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச், லிட்டருக்குச் சுமார் 1 மில்லி. குழாயைத் திறந்து பிளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு, ஒரு இரவு அப்படியே விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள்.

படி 8: பராமரிப்பு

கூரையில் இருந்து தொடங்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஏணி போட்டு ஒவ்வொரு இணைப்பு வரியையும், காற்றுப் போக்கியின் விளிம்பையும், ஓரப் பட்டை ஸ்குரூக்களையும் பாருங்கள். வெடிப்போ தூக்கலோ இருந்தால் பழையதைச் சுரண்டி, துடைத்து, கூரைப் பொருளுக்கு ஏற்ற டிரெய்லர் சீலன்டை (இடுக்கை அடைக்கும் பசை) போடுங்கள். குளியலறை சிலிகான் கையில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். காய்ந்த சிலிகானின் மேல் அடுத்த முறை எதுவும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்தைக் கழற்றி மாட்டினால் அடியில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் வயதாகிவிடும். கோடு ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்லது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, தகட்டில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி இறுக்குங்கள்.

வீல் பேரிங்குக்கு வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுங்கள். மூடிய வகைப் பேரிங் என்றால் கிரீஸ் போட வழியில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிச் சத்தம் கேளுங்கள், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் சக்கர மையத்துக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிரச்சினை.

படி 9: ஓரங்கட்டி வைப்பது

தொட்டி, குழாய், பம்ப் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைபனி வரும் இடமென்றால் இது கட்டாயம். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். குழாய்க்குள் உறைதடுப்புத் திரவம் விடுவதானால் நச்சில்லாத புரொபிலீன் கிளைக்கால் வகையை மட்டும் வாங்குங்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பொதுவாக விஷம்.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றில் அடித்து பெயின்டையும் உராயும். காற்றுப் புகும் உறை போடுங்கள், அல்லது எதுவும் போடாமல் விடுங்கள். மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து விடுங்கள். குழாய் நுழையும் ஓட்டைகளில் ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) திணித்தால் எலி வராது. முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினால் கூரையில் தண்ணீர் தேங்காது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள். அப்படியே டிரெய்லரைச் சற்று முன்னே தள்ளி விட்டால் டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது.