பின்-பாபா கணவாய்க்குக் கூட நடக்க ஆள் பிடிப்பது எப்படி

இமாச்சலத்தின் கின்னூர் மாவட்டத்தில் காஃப்னு கிராமத்தில் ஏறத் தொடங்கி, சுமார் 4,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாபா கணவாயைத் தாண்டி, ஸ்பிதியின் முத் கிராமத்தில் இறங்குவதுதான் பின்-பாபா பாதை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆறு நாள் நடை, மழைக்கோ பனிக்கோ ஒரு நாள் கூடுதல், ஆக ஒரு வாரம். ஆனால் சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இது ஒரு வாரத்தில் முடியாது. டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள், அங்கிருந்து சிம்லா, ராம்பூர் வழியாக பஸ். திரும்பும்போது முத்திலிருந்து காசா, மணாலி, டெல்லி. எல்லாம் சேர்ந்து 14 நாள் லீவு. ‘ஒரு வாரம்’ என்று சொல்லி ஆள் சேர்த்தால், இந்தக் கணக்கு தெரிந்ததும் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள்.

அதனால் யாரிடமும் கேட்பதற்கு முன் ஒரு பக்கத் திட்டம் எழுதி வையுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“செப்டம்பர் 1 முதல் 14 வரை. காஃப்னு–முத். தினமும் 6 முதல் 8 மணி நேர நடை, ஆளுக்கு 13 கிலோ வரை சுமை. கோவேறு கழுதை கிடையாது. சமையல் முறை வைத்து. காஃப்னுவில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர், கூலி பங்கிட்டு. இதற்கு முன் 3,500 மீட்டருக்கு மேல் ஒரு ராத்திரியாவது தூங்கியிருக்க வேண்டும். மது கூடாது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவரோடு இன்னொருவர் இறங்குவார்.”

ஆளைச் சலிக்கிற வரி அந்தக் கடைசி வரிதான். “அப்போ நான் கணவாய் பார்க்க முடியாமப் போயிடுமா?” என்று கேட்பவரை அங்கேயே விட்டுவிடலாம்.

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. இரண்டு பேர் தூங்கும் கூடாரம் இரண்டு போதும். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் அவரோடு இருக்க, மற்ற இருவர் உதவிக்குப் போகலாம். மூன்று பேர் என்றால் யாராவது ஒருவர் தனியாக நடக்க வேண்டி வரும். ஆறுக்கு மேல் போனால் தினமும் காலையில் கிளம்பவே ஒன்பது மணியாகிவிடும். நால்வரில் ஒருவருக்காவது இந்தி பேச வர வேண்டும். வழிகாட்டியோடும் ஜீப் ஓட்டுநரோடும் பேரம் பேச வேறு வழியில்லை.

தேட நல்ல இடம் மலையேற்றப் பயிற்சி முடித்தவர்கள் வட்டம். டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி ஆகிய ஊர்களில் உள்ள நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்குச் சுமையும் குளிரும் புதிதல்ல. அடுத்தது, உங்கள் ஊர் மலையேற்றக் குழுவில் மாதா மாதம் வருகிறவர்கள். கல்லூரி நண்பர், அலுவலகத் தோழர் எல்லாம் அதற்குப் பிறகு. நல்ல நண்பர் நல்ல நடைத்துணையாக இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முதல் சந்திப்பு டீக்கடை மாதிரிப் பொது இடத்தில் இருக்கட்டும். பெண்கள், கூட வரப்போகிறவரோடு முன்பு மலைக்குப் போன இருவரிடமாவது போனில் விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது. எந்தக் கூடாரத்தில் யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். குறட்டையும் இந்தப் பட்டியலில் உண்டு.

“எத்தனை மலை ஏறியிருக்கிறீர்கள்?” என்று கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். “அப்போது உங்கள் பையை யார் தூக்கினார்கள்?” என்று கேளுங்கள். “கடைசியாக எந்த இடத்திலிருந்து பாதியில் திரும்பினீர்கள், ஏன்?” என்பது அதைவிட முக்கியம். திரும்பியதே இல்லை என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கணவாய்க்கு முந்தைய முகாமான ஃபுஸ்டிராங் சுமார் 4,100 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் தலைவலிதான் மலை நோயின் முதல் அறிகுறி. அங்கே ராத்திரி வரும் தலைவலியை ‘காலையில் சரியாகிவிடும்’ என்று மறைப்பவர்தான் கூட்டத்துக்கே ஆபத்து. தலைவலி இருக்கும்வரை மேலே போய்த் தூங்குவதில்லை, நடை தள்ளாடினால் இருட்டானாலும் இறக்கம் என்பதை ஊரிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு ஒத்திகை. பர்வதமலைக்குப் பௌர்ணமி அல்லாத வார நாளில், மழையில்லாதபோது போங்கள். ஆளுக்கு 12 லிட்டர் தண்ணீரைப் பையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாறையில் கடப்பாரைகளை அடித்து அமைத்த கடப்பாரைப் படியில் பை பின்னால் இழுக்கும்போது முன்னால் போகிறவர் நின்று பார்க்கிறாரா, தன்பாட்டுக்குப் போகிறாரா என்று கவனியுங்கள். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். முழங்கால் பிரச்சினை தெரிவது இறக்கத்தில்தான். கூடாரப் பழக்கத்துக்குத் தெரிந்தவர் தோப்பு போதும். காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. இருட்டிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில், இருவர் சேர்ந்து கூடாரம் அடித்து அடுப்பு பற்றவைத்துச் சாப்பிட்டு முடியுங்கள். பாத்திரம் கழுவ யார் எழுந்திருக்கிறார் என்பதும் சோதனைதான்.

சாப்பாட்டிலும் முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் துவரம்பருப்பு வேக வெகுநேரமாகும். ரவை, சேமியா, அவல், சத்துமாவு என்று போவதே நல்லது. ஆளுக்கு நாளைக்கு 650 கிராம் உலர்ந்த பொருள் என்று வைத்தால், நால்வருக்கு ஆறு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் வரும். கேஸ் 230 கிராம் குப்பியில் நான்கு. ரயிலிலும் விமானத்திலும் அதைக் கொண்டுபோக முடியாது, டெல்லியிலேயே வாங்கிவிடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அன்று டிக்கெட்டோடு சேர்த்துப் பொதுச் செலவில் பாதியையும் ஒருவர் கணக்கில் போட்டுவிட வேண்டும். பணம் போடாதவரை வருகிறவராக எண்ணாதீர்கள். பின்வாங்கினால் பதில் ஆள் கிடைக்கும்வரை அவர் பங்கு திரும்பாது என்று எழுத்தில் இருக்கட்டும். ஐந்தாவதாக ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து வைத்திருந்தால் பதில் ஆளுக்கு அலைய வேண்டாம்.

காஃப்னுவைத் தாண்டினால் போன் எடுக்காது. சாட்டிலைட் போனை அரசு அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். ஆகவே நால்வர் பெயர், ரத்த வகை, முகாம் வரிசை, வழிகாட்டியின் எண் இவற்றை ஒரே தாளில் எழுதி நான்கு வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். முத்தில் இறங்க வேண்டிய நாளுக்கு 48 மணி நேரம் கழித்தும் தகவல் வராவிட்டால் வழிகாட்டி வீட்டுக்கும் கின்னூர், ஸ்பிதி காவல் நிலையங்களுக்கும் போன் செய்ய வேண்டியவர் யார் என்று அந்தத் தாளின் மேலேயே குறித்து வையுங்கள்.